உயிர் கொடுக்கச் சொல்லும் கேள்வி

2023ஆம் ஆண்டு கோடையில் ஆறு வாரங்கள் ஒஸ்லோவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மஃரிபுக்கும் ஸுப்ஹுக்கும் இடையில் இரவு என்று ஒன்று வந்து போனதா என்று சந்தேகிக்க வைக்கும் பருவம் அது. பகலில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை விடுமுறையில் இருந்த எட்டு வயதுப் பேரனுக்கு நான் காவல், எனக்கு அவன் காவல். ட்ராம் பாதைகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒருநாள் காலை, "மூத்தாப்பா, சிலைப் பார்க்குக்குப் போவமா?" என்று கேட்டான். 12ஆம் இலக்க ட்ராமில் ஏறினோம்.

விகெலான் பூங்கா என்று அழைக்கப்படும் அந்த இடம், புரொக்னர் என்ற பெரிய பூங்காவின் ஒரு பகுதி. குஸ்தாவ் விகெலான் என்ற ஒரே சிற்பி செய்த இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் வெண்கலத்திலும் கருங்கல்லிலும் திறந்த வெளியில் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. வாசல் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. நகரத்து மனிதர்கள் நாயோடு நடப்பதும், புல்லில் படுத்து வெயில் காய்வதும் அங்கேதான். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களைப் பஸ்கள் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருக்கின்றன.

வாசலுக்குச் சமீபமாகச் சிற்பியின் உருவமே நிற்கிறது. வேலை அங்கி, கையில் சுத்தியலும் உளியும். அவரைத் தாண்டி உள்ளே போனால், பாலத்தின் இரு கரைகளிலும் 58 வெண்கல உருவங்கள். ஒன்றின் மீதும் ஒரு முழத் துணி இல்லை. காலமும் நாடும் தெரியக்கூடாது என்பதற்காகவே சிற்பி உடையைத் தவிர்த்தார் என்கிறார்கள். அப்படியானால் படைத்தவருக்கு மட்டும் எதற்கு அங்கி என்ற குறும்புக் கேள்வி எனக்கு அங்கேயே எழுந்தது. அதை அப்போது சிரித்துவிட்டுக் கடந்தேன்.

என் முதல் சங்கடம் மார்க்கச் சங்கடம் அல்ல, மூத்தாப்பாச் சங்கடம். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது? பார்வையைத் தாழ்த்தினால் தரையில் கிடக்கும் ஐஸ்கிரீம் கடதாசியைத்தான் பார்க்கலாம். அவனோ ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. ஒரு தகப்பன் பிள்ளைகளைச் சுமக்கிறான், ஒருவன் தன்மேல் பாயும் குழந்தைகளை உதறி எறிகிறான், ஒரு கிழவன் ஒரு சிறுவனை அணைத்திருக்கிறான் என்று அவன் கதை சொல்லிக்கொண்டு வந்தான். பத்து நிமிடத்தில் என் கண்ணும் பழகிவிட்டது. அங்கே காட்டப்படுவது உடம்பல்ல, உறவு என்று எனக்குப்பட்டது. இதைச் சமாதானம் என்று சொல்வோர் சொல்லட்டும்.

பாலத்தின் நடுவில் ஒரு கூட்டம். காலை உதைத்துக்கொண்டு அழும் ஒரு சின்னப் பையனின் வெண்கல உருவம். 'கோபக்காரப் பையன்' என்று உலகப் புகழ் பெற்றது. அதன் இடது கை மட்டும் பொன்னாக மினுங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிடித்தால் அதிர்ஷ்டமாம். எங்கள் ஊரில் ஸியாரத்துப் போர்வையைத் தொட்டு முத்தமிட்ட கிழவிகளை அறியாமையில் கிடப்பவர்கள் என்று ஏசிய தலைமுறை என்னுடையது. கடவுளையே விட்டுவிட்டதாகச் சொல்லும் ஐரோப்பியர்கள் வரிசையில் நின்று ஒரு வெண்கலக் கையைத் தடவுவதைப் பார்த்தபோது அந்தக் கிழவிகளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஹஜருல் அஸ்வதை முத்தமிடுகையில் உமர் (ரழி) சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததே: நீ நன்மையும் தீமையும் செய்யாத ஒரு கல் என்பதை அறிவேன், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதனால்தான் முத்தமிடுகிறேன் என்ற கருத்து. தொடுவதையும் நம்புவதையும் அவர் பிரித்து வைத்தார். ஆனாலும் தொட்டார்.

பேரன் கேள்வியைக் கேட்டது அங்கேதான்.

"மூத்தாப்பா, இதச் செஞ்சவர்ட்ட உசிர் குடுக்கச் சொல்லி அல்லாஹ் கேப்பானாமே? அவருக்கு ஏலுமா?"

வார இறுதியில் அவன் ஓதப் போகும் இடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஹதீஸ் ஆதாரபூர்வமானது, புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. உருவங்களைச் செய்தவர்களிடம் மறுமையில், நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என்று சொல்லப்படும். ஐம்பது வருஷமாக நான் அறிந்த ஹதீஸ். அறிந்தது மட்டுமல்ல, ஒருமுறை அதைப் பயன்படுத்தியும் இருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. "நடந்துக்கிட்டே சொல்றன் மகன்" என்றேன்.

நான் முப்தி அல்லன். வாசித்ததைச் சொல்கிறேன். உயிருள்ளவற்றின் முழு உருவச் சிலையைப் பெரும்பான்மையான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. அதே ஹதீஸ் கிரந்தங்களில்தான் ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளும் இருக்கின்றன. இறக்கை வைத்த குதிரைப் பொம்மையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது அவர் ஹதீஸைச் சொன்னார். அந்த மனிதர் அதிர்ந்து முகம் வெளிறியதும், அப்படியானால் மரத்தை வரையும், உயிரில்லாததை வரையும் என்று ஒரு வாசலையும் திறந்துவிட்டார். அவரது பிழைப்பும் நினைவில் இருந்திருக்கிறது. ஸுலைமான் நபிக்கு ஜின்கள் உருவச் சிலைகள் செய்து கொடுத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. ஈஸா நபி களிமண்ணால் பறவை செய்து ஊதினார். அல்லாஹ்வின் அனுமதியுடன் அது பறந்தது. முந்திய நபிமார்களின் விஷயம் வேறு என்று பதில் வரும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மனிதனையே களிமண்ணால் படைத்தேன் என்று சொல்லும் வேதத்தில் களிமண்ணும் கையும் சேரும் இடங்கள் அத்தனை சுலபமாகக் கடந்துபோகக் கூடியவை அல்ல.

இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மது அப்துஹு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே ஓவியங்களையும் சிலைகளையும் பாதுகாத்து வைத்திருந்ததைக் கண்டு வியந்து எழுதினார். 'அல்மனார்' சஞ்சிகையில் அது வெளிவந்தது. அரபிகள் தம் கவிதைகளைக் காத்ததைப் போல இவர்கள் உருவங்களைக் காக்கிறார்கள் என்ற ஒப்பீடு அதில் இருக்கிறது. வணங்கும் ஆபத்து நீங்கிய இடத்தில் உருவம் அறிவுக்கும் நினைவுக்கும் உதவும் என்பது அவர் வாதம். எத்தனையோ பேர் மறுத்தார்கள். எனக்கோ ஒரு முப்தி உல்லாசப் பயணியாக நின்று தான் ஓதியதையும் கண்டதையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார் என்பதே பெரிய விஷயம்.

இனி, நான் அந்த ஹதீஸைப் பயன்படுத்திய சம்பவம்.

1978 நவம்பர் சூறாவளி கிழக்கைப் புரட்டிப் போட்ட மறு வருஷம் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. கரையோரத்து முஸ்லிம் பாடசாலை ஒன்று. கூரையில் பாதி இன்னும் கிடுகுதான். எனக்கு இருபத்திரண்டு வயது; கொஞ்சம் வாசிப்பு, நிறைய உறுதி. கைப்பணிப் பாடத்துக்காக வாய்க்கால் வரம்பிலிருந்து களிமண் கொண்டுவரச் சொன்னேன். பழங்கள் செய்யலாம், சட்டி பானை செய்யலாம் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன். மாங்காயும் முட்டியும் வரிசையாக வந்தன. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் ஒரு மனிதனைச் செய்திருந்தான். சப்பணமிட்டு உட்கார்ந்த மனிதன். மடியில் வலை, ஈர்க்கிலால் கீறிக் கீறி வலைக்கண் போட்டிருந்தான். தலை கொஞ்சம் குனிந்து, வலையைப் பொத்துகிற பாவனை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கைவந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

"இதுக்கு உயிர் குடுக்கச் சொல்லி அல்லாஹ் மறுமையில கேப்பான். உனக்கு ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏலா சேர்" என்றான்.

உள்ளங்கையை வைத்து அமத்தினேன். ஈரக் களி, சத்தம்கூட வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் அழவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் மெல்லச் சொன்னான்: "அது அவன்ட வாப்பா சேர்."

சூறாவளியன்று கடலில் இருந்தவர் அவனது வாப்பா. மையித்துக் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அவருடைய ஒரு படமும் இருந்ததில்லை.

அன்று மாலை நான் வருந்தினேன் என்று எழுதினால் அது பொய். மார்க்கத்தைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று இருந்தேன். 2001 மார்ச்சில் பாமியான் புத்தர் சிலைகளை உடைத்தபோது, உலகத்து அறிஞர்களே கந்தஹாருக்குப் போய் வேண்டாம் என்று கெஞ்சியதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவன் நான். எகிப்தை வென்ற ஸஹாபாக்கள் கைவைக்காமல் விட்டுப்போன உருவங்களைப் பற்றியும் உரத்துப் பேசினேன். என் உள்ளங்கை அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மற்றவனின் பீரங்கி தெரிகிற கண்ணுக்குத் தன் கை தெரிவதில்லை.

ஞாபகம் வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுடைய அம்பாறை. எங்கள் பாடசாலை கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் தப்பியது. அகதி முகாமாகவும் ஆகியிருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். தாடி, சாரன், கையில் ஒன்றுமில்லை. முப்பத்தைந்துக்குள் இருக்கும். அந்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கழற்றிக் கொடுத்தேன். இரண்டாம் வரிசையில் மற்றொரு பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அவருடைய மகள். பாதி முகம்தான் தெரிகிறது. வீடும், வீட்டில் இருந்த படங்களும், பிள்ளையும் ஒன்றாகப் போயிருந்தன. "இதக் கொண்டு போய்ப் பெருசாக்கிட்டுத் தாறன் சேர்" என்றார். அந்தச் 'சேர்'இல்தான் ஆளை அடையாளம் கண்டேன். கடைசி வாங்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. களிமண்ணை அவர் மறந்திருக்கலாம். மறந்திருக்கவேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பமும் சுயநலம்தான். நான்கு நாளில் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

மீண்டும் பூங்காவுக்கு வருகிறேன். படிகள் ஏறினால் உச்சியில் ஒரு கல் தூண். 14 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரம். ஒரே கருங்கல். அதில் 121 உடல்கள் ஒன்றையொன்று பற்றி, மிதித்து, தாங்கி மேலே போகின்றன. உச்சியில் குழந்தைகள். மஹ்ஷர் மைதானம் இப்படி இருக்குமோ என்று என் புத்தி போனது. உயிர்த்தெழுதல் என்றும், பிழைத்திருப்பதற்கான போராட்டம் என்றும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சுற்றிவரப் படிகளில் 36 கருங்கல் தொகுதிகள். அவற்றில் ஒன்று பிணக்குவியல். சுனாமி கண்டவன் அதன் முன் நெடுநேரம் நிற்க முடியாது. நான் நிற்கவில்லை.

இந்தத் தூணுக்கான மாதிரியை விகெலான் களிமண்ணில்தான் செய்தார், 1920களின் நடுவில், சுமார் பத்து மாதத்தில். பிறகு அதைக் கல்லில் கொத்தியது மூன்று கற்தச்சர்கள். 1929இல் தொடங்கி 14 ஆண்டுகள். ஒரு மனிதனின் வேலை வாழ்வில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பூங்கா யாருடைய பெயரால் அழைக்கப்படுகிறது என்று சொல்லவேண்டியதில்லை. 1921இல் நகரசபையோடு சிற்பி ஓர் உடன்பாடு செய்துகொண்டார். தான் செய்ததும் இனிச் செய்யப்போவதும் நகரத்துக்கு. பதிலுக்கு நகரம் அவருக்குப் பெரிய வேலைத்தலமும் வீடும் கட்டித்தர வேண்டும். கட்டித்தந்தது. 1943இல் அவர் இறந்தபின் அந்தக் கட்டடம் நூதனசாலையாயிற்று. அவர் சாம்பல் அதன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் செய்த மனிதர்கள் கீழே, அவர் மேலே. வாசலில் அந்த அங்கி எனக்கு ஏன் உறுத்தியது என்பது இங்கே விளங்கிற்று. எல்லோரையும் பெயரற்றவர்களாகவும் உடையற்றவர்களாகவும் செய்துவிட்டுத் தன்னை மட்டும் உடையோடும் உளியோடும் நிறுத்துகிறவன் ஏதோ ஒன்றை உரிமை கோருகிறான். அல்முஸவ்விர், உருவமைப்பவன், என்பது அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. உயிர் கொடு பார்ப்போம் என்ற மறுமைக் கேள்வி அந்த உரிமைகோரலை நோக்கித்தான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாமே ஒருவர் கையால் ஆன அந்த 850 மீற்றர் நீளப் பூங்காவில் நடந்தபோது, அந்த ஹதீஸ் எதை அஞ்சுகிறது என்பது கிதாபில் வாசித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது. இது சிற்பியைப் பழிப்பதற்காக அல்ல. அந்தக் கிழவன் சிறுவனை அணைத்திருக்கும் விதத்தில் ஒரு பெரிய இரக்கம் இருக்கிறது. அது பொய்யான கையிலிருந்து வராது.

ஆனால் என் கடைசி வாங்குப் பிள்ளை எதை உரிமை கோரினான்? உயிர் கொடுக்க ஏலுமா என்று நான் கேட்க முன்னமே அவனுக்கு அதற்குப் பதில் தெரியும். ஏலாது என்பதனால்தான் அவன் செய்தான். வாப்பாவுக்கு உயிர் கொடுக்க முடிந்திருந்தால் களிமண் எதற்கு? அவனுடைய 'ஏலா சேர்' ஒரு முழுமையான தவ்ஹீத் வாக்குமூலம். அதைக் கேட்ட பிறகும் என் கை இறங்கியது.

அந்த ஹதீஸில் கேட்கிறவன் அல்லாஹ். கேட்கப்படும் நாள் மறுமை. அந்தக் கேள்வியை ஓர் இருபத்திரண்டு வயது ஆசிரியன் ஒரு வகுப்பறையில், ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, முன்கூட்டிக் கேட்டான். பதிலையும் கேட்டான், தீர்ப்பையும் சொன்னான், தண்டனையையும் நிறைவேற்றினான். படைப்பில் அல்லாஹ்வுக்குப் போட்டியாக நிற்காதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லப்போய், விசாரணையில் நான் போய் நின்றேன். இரண்டில் எது பெரிய அத்துமீறல் என்று ஆலிம்கள் சொல்லட்டும். தடை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இன்றும் என் வீட்டு மண்டபச் சுவரில் படம் இல்லை. தொழும் இடத்தில் உருவம் இருப்பது என் மனசுக்கு ஒவ்வாது. நான் பேசுவது தடையைப் பற்றி அல்ல, அதைக் கையில் எடுத்த கையைப் பற்றி.

"மூத்தாப்பா, சொல்லவே இல்லையே?"

தூணின் அடியில் உட்கார்ந்திருந்தோம். அவன் வாங்கித் தரச் சொன்ன ஐஸ்கிரீம் அவன் முழங்கை வரை வழிந்திருந்தது.

"அவருக்கு ஏலாது மகன். ஒருத்தருக்கும் ஏலாது."

"அப்ப அவருக்கு என்ன நடக்கும்?"

"அது அல்லாஹ் அவர்ட்டக் கேக்கிற கேள்வி. அதுக்குள்ள நாம போகப்படாது. நம்மளிட்டக் கேக்கிற கேள்வி வேற."

"உங்களிட்ட என்ன கேப்பான்?"

எட்டு வயதுக்கு ஏற்றபடி சொல்ல ஏதும் அகப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து அவன் முழங்கையைத் துடைத்தேன். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து ஓடிவிட்டான்.

படிகளில் ஒரு கருங்கல் தாய் இருக்கிறாள். குதிரையைப் போல் கையையும் முழங்காலையும் ஊன்றி, தன் பின்னலையே கடிவாளமாக வாயில் கவ்விக்கொண்டு, முதுகில் இரண்டு பிள்ளைகளைச் சுமக்கிறாள். மூன்றாவதாக என் பேரன் ஏறி, முன்னால் இருந்த கல்பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கருங்கல் வெயிலில் சூடேறியிருந்தது. "சுடுது, சுடுது" என்று கத்தினான், இறங்கவில்லை. உம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னான். போனைத் தூக்கிப் பிடித்தேன். யாரோ ஒரு சீனப் பெண்மணியின் தொப்பி குறுக்கே வந்து அவன் முகத்தில் பாதியை மறைத்தது. அவர் நகரும்வரை காத்திருந்து, முழு முகமும் தெரிய மீண்டும் எடுத்தேன்.